நாற்பதாயிரத்தில் ஒரு சிஸ்டம்

2018ஆம் ஆண்டின் முதல் பாதி, கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு கேமிங் கணினி வாங்க நினைத்தவர்களுக்குப் போதாத காலம். அதற்கு முந்தைய டிசம்பரில் பிட்காயின் இருபதாயிரம் டாலரை நெருங்கியிருந்தது. ஜனவரியில் ஈத்தர் என்ற இன்னொரு மெய்நிகர் நாணயமும் உச்சிக்குப் போனது. ஈத்தரை மைனிங் செய்ய, அதாவது கணினியைக் கணக்குப் போடவைத்து அதைச் சம்பாதிக்க, கிராபிக்ஸ் கார்டே போதும் என்பதால், உலகம் முழுக்க அந்தக் கார்டுகளை மொத்தமாக வாங்கி அடுக்கினார்கள். ஆர்எக்ஸ் 570, 580 எல்லாம் கடைகளில் கண்ணில் படுவதே அரிது. பட்டாலும் விலை கைக்கு எட்டாது. போதாக்குறைக்கு ரேம் விலையும் இரண்டு ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்து, எட்டு ஜிபி ஏழாயிரம் ரூபாயை ஒட்டி நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் என் அக்கா, சீட்டு எடுத்த நாற்பதாயிரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "பையனுக்கு நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கிக் குடுடா தம்பி. உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

பையன் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குக் காத்திருந்தான். வீட்டில் அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி ஒன்று இருந்தது. பாடம் படிக்க, படம் பார்க்க அது போதும். அவன் கேட்டது வேறு. "மாமா, ஜிடிஏ ஃபைவ் ஓடணும். லேக் ஆகக்கூடாது. அவ்ளோதான்." அக்கா வீட்டுக்காரர் ஈசிசேரில் இருந்தபடியே, "விளையாடறதுக்கா நாப்பதாயிரம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. மாதம் இரண்டாயிரமாகக் கட்டிச் சேர்த்த பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது.

அந்தக் கேள்விக்கு நான் அப்போது சொன்ன பதிலை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆமாம், விளையாடத்தான். அதே கணினியில் நாளைக்கு அவன் புரோகிராம் எழுதுவான், வீடியோ எடிட் செய்வான், புராஜெக்ட் செய்வான், எல்லாம் உண்மை. ஆனால் பதினேழு வயதுப் பையனின் ஆசையைப் படிப்பு என்ற போர்வைக்குள் ஒளித்துவைத்துத்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. நான் வளர்ந்த விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு இருபது ரூபாய். அங்கிருந்த சிஸ்டங்களில் ஒன்றில் மட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தார்கள். ஜிடிஏ வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் அதில் மட்டும்தான் தடங்கல் இல்லாமல் ஓடும். மற்றவை எல்லாம் காலியாக இருந்தாலும் அந்த ஒன்றுக்காகச் சுவரோரம் வரிசையில் நிற்போம். ஒரே விளையாட்டு, ஒரே மாதிரி மானிட்டர், ஒன்றில் மட்டும் ஏன் இப்படி ஓடுகிறது என்ற கேள்விதான் என்னைக் கணினிப் பெட்டியைத் திறந்து பார்க்க வைத்தது. என் பிழைப்புக்கு அடிப்படையான படிப்பு அங்கே தொடங்கியது. விளையாட்டு அற்பமான விஷயம் என்று யார் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பாகங்களைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது பலரும் புராசசரில் தொடங்குவார்கள். "ஐ ஃபைவா, ஐ செவனா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நான் எப்போதும் விளையாட்டிலும் திரையிலும் தொடங்குவேன். என்ன விளையாடப் போகிறாய், எத்தனை புள்ளிகள் கொண்ட திரையில் விளையாடப் போகிறாய் என்ற இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் மற்றவை தாமாக வரிசைக்கு வரும்.

ஜிடிஏ ஃபைவ் கணினிக்கு வந்தது 2015 ஏப்ரலில். அதை வெளியிட்டவர்கள் பரிந்துரைத்தது நான்கு கோர் ஐ5-3470 புராசசர், எட்டு ஜிபி ரேம், இரண்டு ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 660 கார்டு, டிஸ்க்கில் 65 ஜிபி இடம். 2018இல் பார்த்தால் இது மலைப்பான பட்டியல் அல்ல. நான்கு கோர், எட்டு ஜிபி இரண்டும் நம் பணத்துக்குள் வரும். இடித்தது கார்டு மட்டும்தான்.

லேக் என்று பையன் சொன்னதை நான் எண்ணாக மாற்றிக்கொண்டேன். சாதாரண மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. சராசரியாக 60 படம் வந்தாலும் நடுவில் ஒரு படம் மட்டும் 50 மில்லி விநாடி எடுத்தால் கை அதை உடனே உணர்ந்துவிடும். வண்டி வளைவில் திரும்பும் நேரத்தில் அந்த ஒரு இழுப்பு போதும், விளையாட்டே வெறுத்துப்போகும். அதனால் நான் தேடியது உச்ச வேகம் அல்ல; சீரான வேகம். தரத்தைக் குறைத்துக்கொண்டாலும் சீராக ஓடும் கணினியே நல்ல கணினி.

அன்று இரவு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்று, இருக்கப் போகிறவை: மானிட்டர், கேபினெட், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு. இன்னொன்று, மாறப் போகிறவை: புராசசர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு. நம் ஊர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கையிலிருக்கும் பணத்துக்குக் கீழ்த்தளத்தை மட்டும் முடித்துக் குடியேறுவார்கள்; ஆனால் அஸ்திவாரத்தை இரண்டு மாடிக்குப் போட்டு, மொட்டை மாடியில் தூண் கம்பியை நீட்டி விட்டிருப்பார்கள். நாற்பதாயிரத்துக் கணினியையும் அப்படித்தான் கட்ட வேண்டும் என்று எனக்குப் பட்டது. இருக்கப் போகிறவற்றில் கஞ்சத்தனம் கூடாது. மாறப் போகிறவற்றில் இன்றைக்கு எது போதுமோ அது.

கிராபிக்ஸ் கார்டை அந்த விலைக்கு வாங்குவது வீண் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மைனிங் மோகம் தணியும்போது விலை இறங்கியே தீரும். அதுவரை கார்டு இல்லாமல் ஜிடிஏ ஃபைவ் ஓட வேண்டும். அந்த இடத்தில்தான் 2018 பிப்ரவரியில் வந்த ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி கைகொடுத்தது. நான்கு கோர். கூடவே புராசசருக்குள்ளேயே வேகா 8 என்ற கிராபிக்ஸ். அமெரிக்காவில் 99 டாலர். இங்கே ஒன்பதாயிரத்தை ஒட்டி. தனியாக வாங்கும் ஜிடி 1030 கார்டு தரும் வேகத்துக்கு ஏறத்தாழ நிகரானதை இது புராசசர் விலைக்குள்ளேயே தந்தது. இன்டெல்லின் ஐ3-8100உம் நல்ல நான்கு கோர் புராசசர்தான். ஆனால் அதற்குள் இருந்த யுஎச்டி 630 கிராபிக்ஸ் வேகா 8க்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொரு காரணமும் இருந்தது. இன்டெல் 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை புராசசர்களைக் கொண்டுவந்தபோது, பழைய போர்டுகளில் இருந்த அதே 1151 சாக்கெட்தான் இதற்கும். இருந்தாலும் பழைய போர்டில் புதிய புராசசர் ஓடாது. புதிய போர்டு வாங்கியாக வேண்டும். ஏஎம்டியோ ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை தொடர்வோம் என்று சொல்லியிருந்தது. நீட்டிய கம்பி என்று நான் நினைத்தது இந்த வாக்கைத்தான்.

சென்னை எழும்பூரில் இறங்கி, நானும் அவனும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனது ஒரு சனிக்கிழமை காலையில். ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் தெரு குறுகும். தலைக்கு மேலே போர்டுகள், தரையில் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டிகள், நடைபாதையில் சார்ஜரும் ஹெட்போனும் விரித்தவர்கள். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி டிவி, கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்கேற்ப மாறிவந்த தெரு அது. நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினால் சின்ன ஸ்க்ரூவிலிருந்து சர்வர் வரை கிடைக்கும். அங்கே கொட்டேஷன் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. "கேமிங் சிஸ்டம் எவ்வளவு?" என்று கேட்டால் அவர்கள் கையிருப்பில் தேங்கியிருப்பதெல்லாம் உங்கள் பெட்டிக்குள் போகும். பாகத்தின் முழுப் பெயரை எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கேட்க வேண்டும். பையனிடம் சீட்டைக் கொடுத்து அவனையே கேட்கச் சொன்னேன்.

முதல் கடையில் இருந்தவர் சீட்டைப் பார்த்ததும், "கிராபிக்ஸ் கார்டு போடலையே தம்பி? ஜிடி 1030 ஒண்ணு சேர்த்துக்கோங்க, சூப்பரா ஓடும்" என்றார். எடுத்து நீட்டிய பெட்டியைப் பையன் ஆசையோடு வாங்கினான். நான் அவனிடம் பெட்டியின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னேன். டிடிஆர்4 என்று இருந்தது. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் அந்த ஆண்டு இரண்டு கார்டுகள் விற்றன. 2017இல் வந்ததில் ஜிடிடிஆர்5 நினைவகம். விநாடிக்கு 48 ஜிபி தரவை நகர்த்தும். பிறகு வந்த டிடிஆர்4 வகை நகர்த்துவது 16.8 ஜிபிதான். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். பெயர் ஒன்று, பெட்டி ஏறத்தாழ ஒன்று, ஓட்டம் வேறு. குறைந்த பணத்தில் வாங்குகிறவனுக்கு இந்தச் சின்ன எழுத்தைப் படிக்கும் பழக்கம்தான் முதல் பாதுகாப்பு. பணம் உள்ளவன் ஏமாந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வான்.

மதர்போர்டில் பி350 சிப்செட், ரேமுக்கு நான்கு ஸ்லாட் என்று தீர்மானித்திருந்தேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2017இல் தயாரான பி350, ஏ320 போர்டுகள் 2200ஜி பிறப்பதற்கு முன்பே பெட்டிக்குள் அடைபட்டவை. அவற்றைத் துவக்கும் மென்பொருளான பயாஸுக்கு இந்தப் புராசசரைத் தெரியாது. போட்டால் திரையில் ஒன்றும் வராது. பழைய ரைசன் ஒன்றை மாட்டி பயாஸை அப்டேட் செய்த பிறகே ஓடும். அப்டேட் செய்து வந்த போர்டுகளின் பெட்டியில், 'ரைசன் டெஸ்க்டாப் 2000 ரெடி' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கடைக்காரர் முதலில் எடுத்த பெட்டியில் அது இல்லை. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். பையன் விடவில்லை. "அண்ணே, ஸ்டிக்கர் இருக்கிறது வேணும்" என்று நின்றான். உள்ளே போய்த் தேடி, ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

ரேமில் எட்டு ஜிபியை ஒரே குச்சியாகக் கொடுக்கத்தான் கடைக்காரர்கள் விரும்புவார்கள். "நாளைக்கு இன்னொரு எட்டு சேர்த்துக்கலாம்" என்பார்கள். மற்றக் கணினிகளுக்கு அந்த யோசனை சரி. 2200ஜிக்குச் சரிவராது. தனி கார்டு என்றால் அதற்கென்று சொந்த நினைவகம் இருக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டின் நினைவகம் விநாடிக்கு 112 ஜிபி நகர்த்தும். வேகா 8க்குச் சொந்த நினைவகம் கிடையாது. புராசசர் பயன்படுத்தும் ரேமையே அதுவும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 2400 வேக ரேம் ஒரு குச்சி என்றால் பாதை 19.2 ஜிபி. இரண்டு குச்சியை இரண்டு சேனலில் போட்டால் 38.4 ஜிபி. ஆகவே நான்கு ஜிபியில் இரண்டு. போர்டில் நான்கு ஸ்லாட் கேட்டதும் இதற்காகத்தான்: இரண்டு இன்றைக்கு, இரண்டு விலை இறங்கும் நாளுக்கு.

கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்தே கிடைக்கும் என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். முன்பக்கம் முழுக்க வண்ண விளக்கு எரியும் பெட்டி ஒன்றில் பையனின் கண் போய் நின்றது. அதோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன், எடையே இல்லை. மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பக்கவாட்டில் இருந்த கட்டத்தைப் பையனிடம் காட்டி, 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேராக எவ்வளவு ஆம்பியர் என்று பார்க்கச் சொன்னேன். 14 இருந்தது. "பன்னெண்டை பதினாலால பெருக்கு." "நூத்தி அறுபத்தெட்டு மாமா." புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட் பாதையிலிருந்துதான். 2200ஜிக்கு 65 வாட். பிறகு போட நினைத்திருந்த ஆர்எக்ஸ் 570க்கு 150 வாட். இரண்டே 215 ஆகிறது. 450 என்ற அந்தப் பெரிய எழுத்துக்குள் இந்தக் கணினிக்குப் பயன்படக்கூடியது 168 மட்டுமே.

பட்டியலில் இருந்த 80 பிளஸ் வெண்கலத் தர எஸ்எம்பிஎஸ்ஸிலும் 450 வாட் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அதன் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர்; 432 வாட். விலை மூவாயிரத்துக்குச் சற்று மேல். விளக்குப் பெட்டியை விட்டுவிட்டு, முன்னால் காற்றுப் போகும் வலை வைத்த சாதாரணக் கேபினெட்டை எடுத்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும். பையனின் முகம் கொஞ்சம் வாடியது. "விளக்கு எப்ப வேணும்னாலும் ஒட்டிக்கலாம்டா. இது புகைஞ்சா கூடவே போர்டையும் கூட்டிட்டுப் போயிடும்" என்றேன். எங்கள் ஊரில் மின்னழுத்தம் மாலையில் ஒரு மாதிரி, நள்ளிரவில் வேறு மாதிரி இருக்கும். எத்தனையோ வீடுகளில் மட்டமான எஸ்எம்பிஎஸ் புகைந்து நல்ல போர்டுகள் போனதைப் பார்த்தவன் நான். பெட்டியில் யாரும் பெருமையாகக் காட்டாத பாகம் இதுதான். எல்லாவற்றையும் காப்பாற்றுவதும் இதுதான்.

மானிட்டரில் வரி குறுக்கே வந்தது. அப்போது 20 அங்குலம் வரையுள்ள மானிட்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் 28. (32 அங்குலம் வரை 18 ஆக்கியது 2019 ஜனவரியில்தான்.) அதனால் 18.5 அங்குலத் திரையைத்தான் எல்லோரும் முன்னால் தள்ளினார்கள். அதில் இருப்பது 1366க்கு 768 புள்ளிகள். மொத்தம் பத்தரை லட்சம். 1920க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கு மேல். இரட்டிப்பு. வேகா 8க்குச் சின்னத் திரைதான் சுலபம். ஆனால் மானிட்டர் என் நோட்டில் இருக்கப் போகிறவற்றின் பத்தியில் இருந்தது. பெரிய திரையில் விளையாட்டை 720 புள்ளி உயரத்துக்கு இறக்கி ஓட்டலாம். சின்னத் திரையில் எந்தக் கார்டு வந்தாலும் இல்லாத புள்ளியைக் காட்ட முடியாது. வரியைக் கட்டி 22 அங்குலத் திரையையே வாங்கினோம். டிஸ்க்குக்கு ஒரு டிபி சாதாரண ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி அப்போதே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் 120 ஜிபியில் ஜிடிஏ ஒன்றே பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அதுவும் பிறகு.

"பில் இல்லாம எடுத்தீங்கன்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சும் வந்தது. மூன்று வருட வாரன்டி, ஐந்து வருட வாரன்டி என்பதெல்லாம் அந்தத் துண்டுக் காகிதம் கையில் இருந்தால்தான். எல்லாவற்றுக்கும் சீரியல் எண் போட்டுப் பில் வாங்கினோம். கீபோர்டும் மவுஸும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு இருநூறு குறைவாக வந்தது.

கடையிலேயே மாட்டித் தருகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். பையன் தன் கையால் மாட்ட வேண்டும். வீட்டுத் தரையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். ஏஎம்4 புராசசரின் அடியில் 1331 ஊசிகள். ஒரு மூலையில் தங்க நிறத்தில் சின்ன முக்கோணம். சாக்கெட்டிலும் அதே குறி. லீவரைத் தூக்கி, குறியோடு குறியைப் பொருத்திக் கைவிட்டால் தன் எடையில் தானே இறங்கி உட்காரும். அழுத்தவே கூடாது. அவன் விரல் நடுங்கியது; ஆனால் புராசசர் சொன்னபடி இறங்கியது. ரேமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டான். சுவிட்ச் போடுவதற்கு முன் எர்த்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இருப்பது அதனால்தான். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் இழுத்த பிறகே சிஸ்டத்தைப் போட்டோம்.

ஜிடிஏ ஃபைவ் 720இல் 60ஐ ஒட்டிச் சீராக ஓடியது. விளையாட்டில் வரும் லாஸ் சான்டோஸ் நகரத் தெருவில் முதல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் அரைமணி நேரம் ஒரு மிஷனையும் தொடவில்லை. கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு காரியம் செய்யச் சொன்னேன். கணினியை அணைத்து, இரண்டு ரேம் குச்சிகளையும் ஒரே சேனலின் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுகளுக்கு மாற்றி மறுபடி ஓட்டினான். அதே எட்டு ஜிபி. பாதை மட்டும் ஒன்று. அதே கடற்கரைச் சாலையில் படம் இழுத்து இழுத்து நகர்ந்தது. "ஐயோ, இவ்ளோ வித்தியாசமா மாமா!" என்றான். பஸ் ஸ்டாண்டு மாடியில் எனக்கு எழுந்த கேள்விக்கான பதிலை அவன் தன் கையால் கழற்றி மாட்டித் தெரிந்துகொண்டான். அந்த நாற்பதாயிரத்தில் எனக்கு மிகப் பெரிய வரவு அதுதான்.

மைனிங் மோகம் அந்த ஆண்டுக் கடைசியிலேயே வடிந்தது. 2019இல் ஆர்எக்ஸ் 570 நான்கு ஜிபி கார்டு புதிதாகவே பன்னிரண்டாயிரத்தை ஒட்டிக் கிடைத்தது. மைனிங்கில் இரவு பகலாக ஓடிய பழைய கார்டுகள் அதைவிட மலிவாகச் சந்தையில் கொட்டின. விசிறி தேய்ந்து, பேஸ்ட் காய்ந்து, சிலவற்றில் பயாஸே மாற்றப்பட்டு வந்த அந்தக் கார்டுகளை வாரன்டி இல்லாமல் வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. புதியதையே வாங்கினான். வேகா 8இல் 512 ஷேடர்கள், இதில் 2048. சொந்த நினைவகம் 224 ஜிபி வேகத்தில். 1080 திரையின் எல்லாப் புள்ளிகளும் அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தன. எஸ்எம்பிஎஸ் அலட்டிக்கொள்ளவில்லை. ரேம் விலை பாதிக்குக் கீழே விழுந்திருந்ததால் காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டும் நிரம்பின. பிறகு ஒரு எஸ்எஸ்டி.

2020இல் ஊரடங்கு வந்தது. கல்லூரி வகுப்பு, தேர்வு, புராஜெக்ட் எல்லாம் அந்தக் கணினியிலேயே நடந்தன. அடுத்த ஆண்டு சிப் தட்டுப்பாடும் மைனிங்கும் ஒன்றுசேர்ந்து கார்டு விலை 2018ஐயும் தாண்டிப் போனது. அவன் நண்பர்கள் பலர் விலையைப் பார்த்துப் பின்வாங்கிய அந்த மாதங்களில் அவனுக்கு வாங்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

2022இல் ஏஎம்டி, பி350 போன்ற முதல் தலைமுறை ஏஎம்4 போர்டுகளிலும் ரைசன் 5000 வரிசை ஓட அனுமதித்தது. எங்கள் போர்டுக்கும் பயாஸ் வந்தது. அந்த ஆண்டுதான் அவன் வேலைக்குச் சேர்ந்தான். யுபிஎஸ்ஸில் முழு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றினான். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். பிறகு ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், அதே 65 வாட். பழைய கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் ஒட்டிக்கொண்ட பேஸ்ட் புராசசரையே ஊசியோடு பிடுங்கி வந்துவிடும். அதனால் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, இடமும் வலமும் திருகி எடுக்க வேண்டும். இதை நான் சொல்லவில்லை. அவனே செய்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஈத்தர் தன் முறையை மாற்றிக்கொள்ள, கிராபிக்ஸ் கார்டில் அதை மைனிங் செய்யும் காலம் முடிந்தது. விலை இறங்கட்டும் என்று காத்திருந்து, அடுத்த ஆண்டு சொந்தச் சம்பளத்தில் ஆர்எக்ஸ் 6600 வாங்கினான். எட்டு ஜிபி நினைவகம், பழைய கார்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகம்; எடுக்கும் மின்சாரமோ 132 வாட், பழையதைவிடக் குறைவு. ஆறு மாதமாய்க் கையில் சேர்ந்த பணம் போதும் என்ற அளவில்தான் ஒவ்வொரு முறையும் செலவு வந்தது. போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர் நான்கும் 2018இல் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து தூக்கி வந்தவையே.

கேமிங் என்றால் லட்ச ரூபாய் என்று இன்றைக்குப் பிள்ளைகளை மலைக்க வைக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று நினைத்தால்தான் அந்த லட்சம். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ரேம் விலை மறுபடி ஏறியபோது என்னிடம் யோசனை கேட்டு வந்த பெற்றோர்களுக்கு நான் சொன்னது இதையேதான். சந்தையில் எப்போதும் ஏதாவது ஒரு பாகம் நியாயமில்லாத விலையில் இருக்கும். அந்தப் பாகத்தை இப்போதைக்குத் தவிர்த்துவிட்டோ குறைத்துக்கொண்டோ ஓடக்கூடிய அமைப்பு எது என்று பாருங்கள். 2018இல் அது 2200ஜி. இன்றைய ஏஎம்5 சாக்கெட்டிலும் ரைசன் 5 8600ஜி போலக் கிராபிக்ஸோடு வரும் புராசசர்கள் இருக்கின்றன. அந்தச் சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் கட்டத்தைப் படியுங்கள். ரேமை இரண்டாக வாங்குங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளையைக் கூடவே அழைத்துப் போய் அவன் வாயாலேயே விலை கேட்கச் சொல்லுங்கள். மாட்டுவதை அவன் கைக்கே விடுங்கள். கையிலிருக்கும் பணத்துக்கு இன்றைக்கு விளையாடலாம்; மிச்சத்தைச் சம்பாதித்து அவனே வாங்கிக்கொள்வான்.